பழைய லாண்ட் ரோவரை வீட்டு முற்றத்தில் திருத்தி எடுப்பது எப்படி

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பழைய லாண்ட் ரோவர் ஒன்று விலைக்கு வருகிறது என்றால் ஆட்கள் முதலில் பொனட்டைத் திறந்து எஞ்சினைப் பார்க்கிறார்கள், பிறகு கதவைத் தட்டிப் பார்க்கிறார்கள், தகடு நல்லாத்தான் இருக்கு என்று அட்வான்சும் கொடுத்துவிடுகிறார்கள். தகடு நன்றாக இருப்பதில் அதிசயம் எதுவும் இல்லை, அது அலுமினியம். 1948இல் இந்த வாகனம் வந்தபோது இங்கிலாந்தில் போருக்குப் பிந்திய உருக்குத் தட்டுப்பாடு இருந்ததால் பொடியை, அதாவது வாகனத்தின் வெளிக்கூட்டை, அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். ஆனால் அந்தப் பொடியைத் தாங்குகிற சேஸியும், எஞ்சின் பகுதியையும் ஆட்கள் இருக்கும் பகுதியையும் பிரிக்கிற பல்க்ஹெட்டும் உருக்கு. நம்முடைய கடற்காற்றும் வாவி ஈரமும் வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையின் சேறும் தின்பது அவற்றைத்தான். ஆகவே நான் யாருக்கும் சொல்கிற ஒழுங்கு ஒன்றுதான்: சேஸி, பிரேக், வயரிங், எஞ்சின், கடைசியில் பெயின்ற். பெயின்ற்றில் தொடங்கியவர்கள் காசை இரண்டு தரம் செலவழித்திருக்கிறார்கள்.

இந்தக் குறிப்பு முக்கியமாக 1961 முதல் 1971 வரை வந்த சீரிஸ் 2ஏ, 1971 முதல் 1985 வரை வந்த சீரிஸ் 3 ஆகியவற்றுக்கு. எது என்று தெரியாவிட்டால் டாஷ்போர்டைப் பாருங்கள். மீற்றர்கள் நடுவில் இருந்தால் 2ஏ அல்லது அதற்கு முந்தியது, ஓட்டுபவரின் நேர் முன்னால் இருந்தால் சீரிஸ் 3. வில்லிஸ் ஜீப் வைத்திருப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும், ஆனால் அதன் பொடியும் உருக்கு என்பதால் தகட்டு வேலை வேறு மாதிரி.

வாங்க முன்பு ஒரு சின்னச் சுத்தியலும் பழைய ஸ்க்ரூ டிரைவரும் கொண்டு போய்க் கீழே படுத்து சேஸி முழுவதையும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல உருக்கு கணீரென்று கேட்கும், உள்ளே கறள் பிடித்தது செத்த சத்தம் கொடுக்கும். பின்பக்கக் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் கொழுவும் இடங்கள், பக்கவாட்டில் நீண்டு நின்று பொடியைத் தாங்கும் கைகள், பல்க்ஹெட்டின் கால் வைக்கும் பள்ளங்கள், கதவுப் பிணைச்சல் தூண்களின் அடி, இவைதான் முதலில் போகும். தார் போன்ற கறுப்புப் பூச்சு தடிப்பாக அடித்திருந்தால் அதன் கீழே ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பாருங்கள், விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. சேஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகிறதா என்று அன்றைக்கே ஒத்துப் பாருங்கள். பல வாகனங்களில் சேஸி இலக்கம் முன் ஸ்பிரிங் கொழுவும் இடத்தில்தான் குத்தியிருக்கும். பிறகு கிரைண்டரோடு சுத்தம் செய்யும்போது அந்த இடத்தில் கை வைக்காதீர்கள், இலக்கம் தேய்ந்து போனால் வருகிற அலைச்சல் வேறு எந்தப் பழுதையும் விடப் பெரிது.

வேலை தொடங்க நல்ல காலம் மாரி மழை ஓய்ந்த பிறகு, தை கடைசி அல்லது மாசி. எட்டு மாதமாவது கையில் கிடைக்கும். தகரக் கூரையோ கிடுகுக் கொட்டிலோ ஏதோ ஒரு நிழல் கட்டாயம் வேண்டும். களுவாஞ்சிகுடி, திருக்கோவில் மாதிரிக் கரையோர ஊர்களில் முற்றம் மணல், ஜாக் நேராக மணலில் நின்றால் பாரம் ஏறும்போது சரியும். தடித்த மரப் பலகை, அதற்கு மேல் ஜாக், தூக்கியவுடன் உருக்கு ஸ்டாண்ட், அதற்குக் கீழேயும் பலகை. ஜாக்கை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூடக் கீழே போக வேண்டாம். செங்கல், சீமெந்துக் கல் அடுக்கியும் வேண்டாம், அவை சொல்லாமல் நொறுங்கும்.

ஸ்பானர் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். இந்த வாகனங்களின் நட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவு. அரை அங்குல நட்டு 12.7 மில்லிமீற்றர், அதில் 13 ஸ்பானர் போட்டால் சும்மா இருக்கும்போது பிடிக்கும், கறள் பிடித்து இறுகிய நட்டில் வழுக்கித் தலையை உருட்டிவிடும். 7/16, 1/2, 9/16, 3/4 இருந்தால் பெரும்பகுதி வேலை ஓடும். கழற்ற வேண்டிய நட்டுகளுக்கு முதல் நாள் இரவே கறள் இளக்கும் எண்ணெய் அடித்து விடுங்கள். கழற்றுகிற ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து, நட்டுகளை மாஜரின் டப்பாக்களில் போட்டு மேலே எழுதி வையுங்கள்.

சரி, சேஸி. வெல்டிங் பாஸ் ஒருவர் வீட்டுக்கு வந்தாலும் நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும், ஏனென்றால் கறளுக்கு மேலேயே தகடு ஒட்டிவிட்டுப் போவதுதான் சுலபமான வழி, அது இரண்டு மாரி தாங்காது. கறள் பிடித்த பகுதியை நல்ல உருக்கு தெரியும் வரை வெட்டி எடுத்து, 2.5 அல்லது 3 மில்லிமீற்றர் தகட்டில் அளவாக வெட்டிச் சுற்றிவர முழுத் தையலாக வெல்ட் பண்ணச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு இடம் மட்டும், முதலில் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து மூலைக்கு மூலை நாடாவால் அளந்து எழுதிவிட்டு, இல்லாவிட்டால் சேஸி கோணும். பற்றரி வயர் இரண்டையும் கழற்றி வையுங்கள். குட்டை ரகமான 88 அங்குல வாகனத்தில் பெற்றோல் டாங்கி முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, அதைக் கழற்றி முற்றத்துக்கு வெளியே கொண்டுபோய் வைக்காமல் ஒரு பொறிகூட விழக் கூடாது. வெறும் டாங்கிதானே என்று நினைக்காதீர்கள், வெறும் டாங்கியில் நிற்கும் ஆவிதான் வெடிப்பது.

வெல்டிங் முடிந்ததும் சேஸியின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, உள்ளே நீர் அடித்துக் கழுவுங்கள். பல வருடத்து வயல் மண் கரைந்து வரும், அதுதான் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது. நன்றாகக் காய்ந்த பிறகு மெழுகு கலந்த கறள் தடுப்பு மருந்தை நீண்ட குழாயால் உள்ளே விசிறுங்கள். எஞ்சினில் இருந்து வடித்த கழிவு ஒயிலை ஊற்றுகிற பழக்கம் இங்கே உண்டு, வேண்டாம். அது தோலுக்குக் கெடுதி, ஒழுகிப் பிரேக்கில் படும், முற்றத்து மணலுக்குள் இறங்கினால் கிணறு தூரமில்லை.

அலுமினியத் தகட்டில் வேறு வகை நோய். உருக்குப் போல்ட்டோ சட்டமோ அலுமினியத்தைத் தொட்டு, நடுவில் உப்பு ஈரம் நின்றால் அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரத் தொடங்கும். திரும்பப் பூட்டும்போது இரண்டு உலோகமும் நேராகத் தொடாதபடி மெல்லிய ரப்பரோ சீலரோ வைத்துப் பூட்டினால் நெடுங்காலம் நிற்கும். நெளிவு எடுக்கிறவர்களுக்கு ஒரு வழி: பழைய தகடு இறுகிப் போயிருக்கும், குளிராகத் தட்டினால் வெடிக்கும், அதனால் பின்பக்கம் சவர்க்காரக் கட்டியால் கோடு போட்டு, மறுபக்கம் காஸ் விளக்கை ஆட்டி ஆட்டிச் சூடாக்குங்கள். சவர்க்காரம் கறுத்தவுடன் நிறுத்திவிடுங்கள், தகடு இளகியிருக்கும், ஆறிய பிறகு மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் சொன்னபடி கேட்கும். சவர்க்காரம் கறுத்த பிறகும் சூடாக்கினால் தகடு உருகிக் கீழே விழும், அலுமினியம் சிவந்து காட்டாது.

அடுத்தது பிரேக். இதில் சமரசம் கிடையாது. சீரிஸ் 2ஏ வாகனங்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் இணைப்பு, எங்கேனும் ஒரு குழாய் ஒழுகினால் நான்கும் போகும். ஆகவே ரப்பர் குழாய்கள், சக்கர சிலிண்டர்களின் கப்புகள், மாஸ்டர் சிலிண்டர், கறள் பிடித்த உருக்குக் குழாய்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். குழாய்க்குச் செம்பும் நிக்கலும் கலந்தது கிடைத்தால் அதுவே நம்முடைய காற்றுக்கு ஏற்றது. டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூளை ஊதாதீர்கள், பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், தண்ணீரால் நனைத்துத் துடையுங்கள், துணியைக் கட்டி எறிந்துவிடுங்கள். பிரேக் ஒயில் டொட் 4, சீல் உடைக்காத டின்னில் இருந்து மட்டும். அது காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும், இங்கே இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டும். பிரேக் குழாய்களுக்குள் நிற்கும் காற்றை வெளியே எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். கை வசதி இருந்தால் பிந்திய சீரிஸ் 3 வாகனங்களின் சேர்வோவும் (மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுப்பது) இரட்டை இணைப்பு மாஸ்டர் சிலிண்டரும் தேடிப் போடுங்கள். நான் எந்த முன்னேற்றத்தையும் விட இதற்குத்தான் முதலில் காசு ஒதுக்கச் சொல்வேன், கல்முனை வீதியில் பஸ்சுக்குப் பின்னால் போகிற வாகனம் இது.

முன் சக்கரங்களுக்குப் பின்னால் பளபளவென்று உருண்டையாக ஒரு கூடு இருக்கும், சக்கரம் திரும்புகிற இடம். அதன் மேல் புள்ளி புள்ளியாகக் கறள் குழி விழுந்திருந்தால் புது சீல் போட்டும் பயனில்லை, குழி சீலைக் கிழிக்கும், கூட்டையே மாற்ற வேண்டும். இரு பக்கச் சக்கரத்துக்கும் ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷல், கியர்பொக்ஸ், இந்தக் கூடுகள் எல்லாவற்றின் ஒயிலையும் வடித்துப் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. மாரியில் தாம்போதிகளைக் கடக்கிற வாகனங்களுக்கு இது வழக்கமான நோய்: சூடான டிஃபரன்ஷல் சட்டென்று வெள்ளத்தில் குளிரும்போது உள்ளே காற்றுச் சுருங்கி, மூச்சுத் துளையாலும் சீல்களாலும் தண்ணீரை இழுக்கும். மூச்சுத் துளையில் ஒரு பெற்றோல் குழாயைப் பூட்டி பொனட் உயரத்துக்கு எடுத்துக் கட்டிவிட்டால் தீர்ந்தது, செலவு சில நூறு ரூபாய். கிளட்ச் கூட்டின் அடியில் ஒரு துளை இருக்கிறது. ஆழத் தண்ணீருக்குள் இறங்க முன்பு அதற்குரிய மூடியைப் பூட்டி, கரையேறியதும் கழற்றிவிடுங்கள், கழற்றாமல் விட்டால் ஒழுகும் ஒயில் தேங்கிக் கிளட்ச் வழுக்கும்.

ஸ்டியரிங் கடினமாக இருந்தால் முன் குறுக்குச் சட்டத்துக்குள் செங்குத்தாக நிற்கும், ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ரிலேயில் பழுது இருக்கலாம். அதை வீட்டில் திறக்காதீர்கள், உள்ளே அழுத்தி வைத்த பலமான ஸ்பிரிங் பாய்ந்து வரும். முழுதாகக் கழற்றிப் பட்டறைக்குக் கொடுங்கள்.

வயரிங்கில் முதலில் பார்க்க வேண்டியது பற்றரியின் எந்த முனை சேஸிக்குப் போகிறது என்பது. அறுபதுகளின் பிற்பகுதி வரை வந்தவற்றில் பொசிட்டிவ்தான் சேஸிக்கு. இது தெரியாமல் ஓல்டர்னேற்றரோ எல்ஈடி விளக்கோ பூட்டினால் அந்த நொடியே கருகிப் பழுதாகலாம். பழைய ஹார்னஸின், அதாவது வயர்க் கட்டின், துணி சுற்றிய வயர்கள் கையில் உதிர்ந்தால் ஒட்டுப் போட்டுக்கொண்டு இராமல் முழுவதையும் புதிதாக இழுங்கள். பழைய ரகங்களில் முழு வாகனத்துக்கும் இரண்டே பியூஸ். ஒரு பியூஸ் பெட்டி பூட்டி, ஹெட்லைட்டுக்கு மின் ரிலே (சுவிட்சுக்குப் பதிலாக விளக்கின் மின்னோட்டத்தைத் தாங்குவது) போட்டால் பழைய சுவிட்ச் சூடாகாது, வெளிச்சமும் கூடும். பொத்துவில் வீதியில் இரவில் யானை நிற்குமிடங்களில் ஓடுகிறவருக்கு இது பெரிய விஷயம். எர்த் வயர்களை அலுமினியப் பொடியில் விடாமல் சேஸியில் பளிச்சென்று சுரண்டிய இடத்தில் இறுக்குங்கள்.

எஞ்சின் 2.25 லீற்றர் என்றால், 2286 சிசி, பெற்றோலோ டீசலோ, அது லேசில் சாகாது. நெடுங்காலம் நின்றது என்றால் செல்ஃப் அடிக்காதீர்கள். பெற்றோல் என்றால் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஒயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, முன்பக்கக் கைப்பிடியால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் ஒயில், பில்டர் மாற்றி, டாப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவில் உள்ளது) 0.25 மில்லிமீற்றருக்கு வைத்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ற் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர் வரை வைத்து, சிலிண்டர்கள் வெடிக்கும் ஒழுங்கு 1-3-4-2 சரியா என்று பார்த்துத்தான் கிளப்ப வேண்டும். ரேடியேற்றருக்குக் கரையோரச் சவர்க் கிணற்றுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், கூலன்ட்டும் நல்ல தண்ணீரும் கலந்து ஊற்றுங்கள். சூட்டு நாடு என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிறவர்கள் உண்டு. எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் ஓடினால் ஒயில் சேறாகி உட்பாகம் தேயும், ஆகவே இருக்கட்டும். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றுபோனது. வால்வு வந்து அமரும் சீட்டைத் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான். உங்கள் டாப்பெட் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே போனால் வால்வு சீட் உள்ளே இறங்குகிறது, ஹெட்டைக் கழற்றுகிற அன்றைக்குக் கடினமான எக்சோஸ்ட் சீட் போட்டுவிடுங்கள்.

ஜப்பான் டீசல் எஞ்சின் மாற்றலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். பழைய புளொக் வெடித்திருந்தால் மாற்றுங்கள், ஓடக்கூடியதென்றால் விடுங்கள். பலம் கூடிய எஞ்சின் போட்டால் பின் அச்சுத்தண்டும் கியர்பொக்ஸும் அந்தச் சுமைக்குச் செய்தவை அல்ல, ஒன்றன்பின் ஒன்றாக உடையும். மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் இலக்கத்தைப் பதிந்தே ஆக வேண்டும். சாமான்களுக்குக் கொழும்புப் பஞ்சிகாவத்தை இன்னும் நல்ல இடம், பழைய பாகத்தைக் கையோடு கொண்டு போனால்தான் சரியானது வரும். மற்ற முன்னேற்றங்களில் எனக்குச் சரியென்று படுபவை சீட் பெல்ட், எலக்ட்ரோனிக் இக்னிஷன், ஓவர்டிரைவ் (எஞ்சின் மெதுவாகச் சுற்றியே வேகமாகப் போக உதவும் மேலதிக கியர்) கிடைத்தால் அது. சேஸியை வெட்டித்தான் பூட்ட முடியும் என்கிற எதையும் போடாதீர்கள்.

பெயின்ற் கடைசி. வெறும் அலுமினியத்தில் சாதாரண பிரைமர் பிடிக்காது, உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் எச் (etch) பிரைமர் முதலில். மாரியில் அடித்தால் ஈரத்தில் வெளுக்கும், கச்சான் காற்று எழும்பிய பிறகு அடித்தால் புழுதி ஒட்டும், ஆகவே சித்திரை, வைகாசிக் காலைகளில் பனி உலர்ந்து காற்று எழும்பும் முன்பு முடித்துவிடுங்கள். முதல் ஓட்டத்தை வீட்டுக்குக் கிட்டவே வைத்து, திரும்பி வந்தவுடன் சக்கர நட்டு, ஸ்பிரிங் யூ போல்ட், ஸ்டியரிங் மூட்டுகள் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கி, நான்கு டிரம்மிலும் கை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக் விடுபடவில்லை, அதைச் சரிபண்ணாமல் அடுத்த ஓட்டம் போக வேண்டாம்.