மரைத் தலைக்கு எண்ணெய் பூசாதீர்கள்

மட்டக்களப்பில் பழைய வீடு சிலவற்றின் விறாந்தையில் இன்னும் ஒரு மரைத் தலையோ (மரை என்பது பெரிய மான் இனம்) மான் கொம்போ தொங்குகிறது. எங்காவது ஒரு வீட்டில் முதலைக் குட்டி இருக்கும், அலுமாரிக்கு மேலே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மீன்கொத்தி இருக்கும். செத்த விலங்கின் தோலைப் பதப்படுத்தி, உள்ளே அடைத்து, உயிரோடு இருப்பது போல ஆக்குவதைத்தான் பாடம் செய்வது என்கிறோம். இவற்றைப் பாடம் செய்து வைத்தவர் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார். இவற்றுக்கு நேர்ந்த சேதம் என்று நான் பார்த்ததில் பெரும்பகுதி வருடக்கணக்காகக் கவனிக்காமல் விட்டதால் வந்ததல்ல. பொங்கலுக்கு முதல் வாரம் வீடு துப்புரவாக்கும்போது வந்தது.

எங்கள் அம்மப்பா வீட்டிலும் ஒரு மரைத் தலை உண்டு. வருடம் தவறாமல் மாமா அதை இறக்கி, கொம்புக்குத் தேங்காய் எண்ணெய் பூசுவார். இரண்டு நாள் பளபளக்கும், அப்புறம் எறும்பு வரும். மாட்டுக் கொம்பின் மேலுறை நம் நகத்தைப் போன்ற பொருள். மான், மரைக் கொம்போ முழுக்க எலும்பு. எலும்பு எண்ணெயைக் குடிக்கும், குடித்த எண்ணெய் உள்ளேயே காறிப்போகும், அதில் தூசு ஒட்டிக் கறுக்கும். பிறகு அதை வெளியே எடுக்க வழியில்லை. வார்னிஷ் அடித்தாலும் சில வருடத்தில் மஞ்சளாகி உரியத் தொடங்கும். கொம்பை மெல்லிய தூரிகையால் தட்டி, பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் போதும்.

சரி, தூசு தட்டுவதாவது ஆபத்தில்லாத வேலையா என்றால், அதுவும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மெட்ஸ் நகரத்தைச் சேர்ந்த பெக்கூர் என்பவர் ஆர்செனிக் கலந்த ஒரு சோப்பை உண்டாக்கினார். தோலின் உட்புறத்தில் அதைத் தேய்த்தால் பூச்சி அண்டாது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரைக்கும் உலகம் முழுக்க அந்த முறை ஓடியது. நம் சித்த வைத்தியத்தில் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்வது ஆர்செனிக் சேர்ந்த பொருள்தான். அது ஆவியாகிப் போவதில்லை, காலம் போகப் போக வீரியம் குறைவதும் இல்லை. கண்ணோரத்திலும் உதட்டிலும் தையல் கோட்டிலும் வெள்ளைப் பொடி தெரிந்தால் சந்தேகப்படுங்கள். தெரியாவிட்டாலும் சந்தேகப்படுங்கள். பழைய பாடம் எதையும் நஞ்சுள்ளது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் புத்தி. என்95 மாஸ்க், நைட்ரைல் கையுறை இரண்டும் வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக்கூடாது, குசினி மேசையில் வைத்துச் செய்யக்கூடாது. கச்சான் காற்று அடிக்கும் நாளில் முற்றத்தில் வைத்துத் தட்டினால் பொடி வீடு முழுக்கப் போகும். சாதாரண வக்யூம் கிளீனரும் கூடாது. அது நுண்ணிய தூசை ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் அறைக்குள் ஊதிவிடும். நுண்ணிய தூசையும் பிடித்து வைக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளது என்றால் சரி. தூரிகையை மயிர் படிந்திருக்கும் திசையில் மட்டும் ஓட்டுங்கள். கண்ணாடிக் கண்ணைப் பஞ்சுக் குச்சியில் காய்ச்சி வடித்த நீர் தொட்டுத் துடைக்கலாம். கடையில் பற்றரிக்கு ஊற்றும் தண்ணீர் என்று கேட்டால் அதுதான் கிடைக்கும். பற்றரி அசிட்டை வாங்கி வந்துவிடாதீர்கள். தூக்கும்போது கொம்பிலோ காதிலோ பிடிக்காமல் பலகையில் பிடியுங்கள். பழைய தோலில் காது அப்பளம் மாதிரி.

பூச்சி பிடித்துவிட்டால் நம்மவர்கள் சாம்பிராணியும் வேப்பிலையும் போட்டுப் புகைப்பார்கள். புகைக்கரி இறகில் படியும், உள்ளே இருக்கும் புழுவோ சுகமாக இருக்கும். நப்தலீன் உருண்டையைப் பெட்டிக்குள் நிரப்பிவிட்டு அதே அறையில் படுப்பதும் நல்லதல்ல. பூச்சி மருந்தை நேரே அடித்தால் கறை விழும். பாடத்துக்குக் கீழே மணல் போலத் தூள், கொட்டிய மயிர், புழு கழற்றிப்போட்ட தோல், இவைதான் அடையாளம். மருந்தில்லாமல் கொல்லக் குளிர் போதும். பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, காற்றை வெளியேற்றி, டேப் ஒட்டி, மைனஸ் 18 பாகையோ அதற்குக் கீழோ இரண்டு வாரம் வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் பிரித்துப் பார்க்கத்தான் கை துடிக்கும். பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க விடுங்கள். நம் வெக்கையில் உடனே பிரித்தால் தோலில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்துவிடும். பாஷாணம் இருக்கலாம் என்பதால் மீன் வைக்கும் ஃபிரீசர் வேண்டாம். (இதைச் சொல்லாமலே வீட்டில் விடமாட்டார்கள்.)

ஆனால் இந்த ஊரில் பூச்சியை விடப் பெரிய எதிரி ஈரம். காற்றின் ஈரப்பதம் 65, 70 வீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் வரும். வாவியும் கடலும் சூழ்ந்த ஊரில் மாரி காலத்தில் அதற்குக் குறைவான நாள் அபூர்வம். 1978 நவம்பர் 23 சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரை போனபோது மரைத் தலையும் நனைந்தது. வெயில் வந்ததும் மற்றச் சாமான்களோடு அதையும் முற்றத்து மணலில் காயப்போட்டார்கள். அதுதான் பிழை. தோல் சட்டென்று சுருங்கும், உள்ளே இருக்கும் வைக்கோலும் மரமும் சுருங்காது. கழுத்துத் தையல் பிரிந்து மூக்கு வெடித்தது. உள்ளே இருந்த இரும்புக் கம்பியில் ஏறிய கறல் பிறகு பல வருடம் சிவப்பாகக் கசிந்தது. நனைந்தால் நிழலில், மின்விசிறிக் காற்று சுற்றிப் போகும் இடத்தில், மெதுவாகக் காயவிட வேண்டும். மழைச் சாரல் படும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். உள்சுவரிலும் இரண்டு சின்னச் சலாகை வைத்துப் பலகைக்குப் பின்னால் காற்றோட இடம் விடுங்கள். ஜன்னல் வெயில் படும் இடமும் ஆகாது. மீன்கொத்தியின் நீலம் சாயமல்ல, இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறித் தெரியும் நிறம். அது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மற்ற நிறங்கள் வெளுத்தால் திரும்பி வராது.

பாம்பு, தவளை போன்றவற்றைத் திரவத்தில் போட்டு வைத்திருக்கும் பள்ளிக்கூட ஆய்வுகூடப் போத்தல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரவம் குறைந்தால் உள்ளே இருப்பது போமலினா அற்ககோலா என்று தெரியாமல் எதையும் ஊற்றக்கூடாது. அற்ககோல் தண்ணீரை விட வேகமாகப் பறக்கும், மிச்சத்தில் தண்ணீர்தான் கூடுதலாக இருக்கும். அதனால் வெறும் தண்ணீர் விட்டு நிரப்பினால் பாம்பு அழுகும். போமலின் நாள்பட்டால் புளித்து எலும்பைக் கரைக்கும். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் அது. கழிவை வாவியில் கொட்டுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

விற்கலாமா என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். 1937இன் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பாதுகாக்கப்பட்ட விலங்கின் தோல், கொம்பு, ஓடு வரைக்கும் எட்டும். பேஸ்புக்கில் படம் போட்டு விலை கேட்பதற்கு முதல் வனஜீவராசிகள் திணைக்களத்தில் விசாரியுங்கள். அங்கேயும் சரி, ஒரு நூதனசாலையிலும் சரி, முதலில் கேட்கப்போவது எங்கே, எப்போது கிடைத்தது என்றுதான். எங்கள் மரைத் தலையின் பலகைக்குப் பின்னால் அம்மப்பா பென்சிலால் ஊரும் வருடமும் எழுதியிருந்தார். ஒரு பொங்கலுக்கு மாமா அதன் மேல் கறுப்புப் பெயின்ற் அடித்துவிட்டார்.