திரையில் வரைந்த முக்காலியை அறைக்குள் நிறுத்திப் பார்ப்பது எப்படி?

கணினித் திரையில் ஒரு முக்காலியை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது உள்ளங்கை அளவுப் படமாகவே தெரியும். அதில் உட்கார்ந்தால் முழங்கால் எவ்வளவு மடங்கும், அதன் கால்கள் நம் பாதத்தில் இடறுமா என்பதை அந்தப் படம் சொல்வதில்லை. நிஜ அறையின் மேல் பொருளைக் காட்டும் ஏஆர் (AR), முழுக்க ஒரு மெய்நிகர் வெளிக்குள் கொண்டுசெல்லும் விஆர் (VR) கருவிகள் கைகொடுப்பது இங்கேதான். ஆனால் அளவுகளை வடிவமைப்பு மென்பொருளில்தான் எண்ணாகக் கொடுக்க வேண்டும். தலையில் மாட்டும் ஹெட்செட் அந்த எண் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு மட்டுமே.

படி 1: வரைதல்

இலவச மென்பொருளான ஃப்ரீகேட்டில் 450 மி.மீ. உயரமும் 300 மி.மீ. விட்டமுள்ள இருக்கையும் கொண்ட ஒரு முக்காலியை வரையுங்கள். உயரம், விட்டம், கால்களின் சாய்வு ஆகியவற்றை அதன் ஸ்ப்ரெட்ஷீட்டில் எழுதி, வரைபடத்தை அந்தக் கட்டங்களோடு இணைத்துவிட்டால், பிறகு திருத்துவது ஓர் எண்ணை மாற்றுவதோடு முடிந்துவிடும். முக்காலிக்குப் பக்கத்தில், தரை மட்டத்தில், 297 × 210 மி.மீ. அளவில் ஒரு மெல்லிய தகட்டையும் வரைந்து வையுங்கள். இது ஏ4 தாளின் அளவு. இதன் பயன் மூன்றாம் படியில் தெரியும். இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, முப்பரிமாண வடிவத்தைச் சேமிக்கும் எஸ்டிஎல் (STL) கோப்பாகச் சேமியுங்கள்.

படி 2: அலகு மாற்றம்

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்தப் படியில்தான். எஸ்டிஎல் கோப்பில் வெறும் எண்கள் மட்டுமே இருக்கும், அலகு இருக்காது. ஃப்ரீகேட் மில்லிமீட்டரில் எழுதிய 450 என்ற எண்ணை, ஏஆர், விஆர் கோப்பாக மாற்ற நாம் பயன்படுத்தும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் 450 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளும். நான் முதன்முறை ஹெட்செட்டை மாட்டியபோது வெறும் சாம்பல் நிற வெளி மட்டுமே தெரிந்தது. கோப்பு பழுது என்று நினைத்து மூன்று முறை மறுபடி சேமித்த பிறகுதான், வானளாவிய ஒரு முக்காலியின் கால்களுக்கு நடுவே நிற்கிறேன் என்று புரிந்தது. ஆகவே பிளெண்டரில் எஸ்டிஎல் கோப்பைத் திறக்கும்போதே அளவு விகிதத்தை 0.001 என்று கொடுத்து, N எழுத்து விசையை அழுத்தினால் வரும் பக்கப் பலகத்தில் உயரம் 0.45 மீ. என்று காட்டுகிறதா என்று பாருங்கள்.

படி 3: கைபேசியில் ஏஆர்

ஐபோனுக்கு யுஎஸ்டிஇசட் (USDZ) கோப்பாகவும், ஆண்ட்ராய்டில் உள்ள ஏஆர் செயலிகளுக்கு ஜிஎல்பி (GLB) கோப்பாகவும் பிளெண்டரிலிருந்தே ஏற்றுமதி செய்யலாம். முக்காலி படுத்துக் கிடந்தால், ஏற்றுமதிப் பலகத்தில் மேல்நோக்கும் அச்சை ஒய் (Y) என்று மாற்றுங்கள். இப்போது முக்காலியைத் தரையில் நிறுத்தி, தகட்டை ஒட்டினாற்போல உண்மையான ஏ4 தாள் ஒன்றை வையுங்கள். இரண்டும் ஒரே அளவாகத் தெரிந்தால் முக்காலியின் அளவையும் நம்பலாம். தெரியாமல் விரலால் கிள்ளிப் பெரிதாக்கியிருந்தாலும் இந்தத் தாள் காட்டிக்கொடுத்துவிடும்.

படி 4: ஹெட்செட்டில் விஆர்

கணினியில் வரைவதற்கான ஸ்கெட்ச்பேட் என்ற மென்பொருளை 1963-இல் உருவாக்கிய ஐவன் சதர்லண்ட்தான், 1968-இல் தலையில் மாட்டும் காட்சிக் கருவியையும் செய்துகாட்டினார். இந்த இரண்டு வேலைகளும் தொடக்கத்திலேயே ஒரே கையில் இருந்திருக்கின்றன.

ஹெட்செட்டில் முதலில் கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தைச் சரிசெய்யுங்கள். பெரியவர்களுக்கு இது சராசரியாக 63 மி.மீ. அளவில் இருக்கும்; இது பிசகினால் பொருளின் அளவும் பிசகித் தெரியும். பிறகு மாதிரியை ஓபிஜே (OBJ) கோப்பு வடிவில், விஆர்-இல் வரைய உதவும் கிராவிட்டி ஸ்கெட்ச் போன்ற செயலிக்குள் கொண்டுவந்து, அளவு 1:1 என்று இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். முக்காலியைச் சுற்றி நடங்கள், குனிந்து இருக்கையின் அடிப்பகுதியைப் பாருங்கள், கால் வெளியே நீண்டிருக்கும் இடத்தில் உங்கள் பாதத்தை வைத்துப் பாருங்கள். உட்கார மட்டும் முயலாதீர்கள், ஆசை வரும். கால் இன்னும் உள்ளே வர வேண்டும் என்று தோன்றினால், கையிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியால் மாதிரியின் மேலேயே புதிய கோட்டை இழுத்து வையுங்கள். கை நடுங்குவதால் அந்தக் கோடு சில மில்லிமீட்டர் விலகும். அதை அளவாகக் கொள்ளாமல் குறிப்பாக மட்டும் கொள்ளுங்கள்.

படி 5: திரும்பி வருதல்

ஃப்ரீகேட்டைத் திறந்து, சாய்வுக்குரிய கட்டத்தில் எண்ணை மாற்றி, எஸ்டிஎல் கோப்பாகச் சேமித்து, மீண்டும் 2-ஆம் படியிலிருந்து தொடருங்கள். பொதுவாக இரண்டு மூன்று சுற்றுகளில் வடிவம் நிலைத்துவிடும். செய்பவரிடம் கோப்பைக் கொடுக்கும் முன் ஏ4 தகட்டை நீக்கிவிடுங்கள்; இல்லையென்றால் அதையும் சேர்த்தே செய்துகொண்டு வந்து நிற்பார்.