நாலு குரலுக்கு நாலு சனல்: கொயருக்குப் பயிற்சி ஒலிப்பதிவு செய்யும் விதம்

முதல் வருஷம் நத்தார் கரோலுக்கு நான் கீபோர்டில் இரண்டு கையாலும் நாலு குரலையும் (பெண்களின் மேல் குரல் சொப்ரானோ, கீழ்க் குரல் ஆல்ட்டோ; ஆண்களின் மேல் குரல் டெனர், கீழ்க் குரல் பேஸ்) ஒன்றாக வாசித்து, கொயர் 'ஆ' என்று பாடும் 'கொயர் ஆஸ்' சத்தத்தில் பதிந்து, கொயர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அடுத்த ஞாயிறு பூசை முடிய ஆல்ட்டோ பாடும் அன்ரி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்: "பிள்ளை, கேக்க வடிவாத்தான் இருக்கு. ஆனா இதில என்ர பாட்டு எது?"

அன்றிலிருந்து ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகத்தான் வாசிக்கிறேன். இதற்குப் பெரிய ஸ்டூடியோ தேவையில்லை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில் இரண்டாம் மாடி அறை, 8 ஜிபி ராம் உள்ள மடிக்கணினி, 61 கட்டை யமஹா பிஎஸ்ஆர் கீபோர்ட், ஒலிப்பதிவுக்கு ரீப்பர் மென்பொருள், அதற்குள் கொயர் ஒலிகளை எழுப்பும் கொன்டாக்ட். ரீப்பரை 60 நாள் இலவசமாகப் பாவித்துப் பார்க்கலாம். கொன்டாக்டின் இலவசப் பிளேயரில், பிளேயருக்கென்று உரிமம் பெறாத ஒலித் தொகுப்புகள் 15 நிமிடத்தில் நின்றுவிடும்; காசு கொடுக்கமுன் தொகுப்பு பிளேயரில் ஓடுமா என்று பாருங்கள்.

கீபோர்டில் யூஎஸ்பி வாய் இருந்தால் பிரின்டருக்குப் போடும் அதே வயர் போதும். பழைய மாடலில் ஐந்து முள் வட்ட வாய்தான் இருக்கும். அதற்கு யூஎஸ்பி மிடி வயர் வேண்டும். (மிடி என்பது ஒலியல்ல; எந்தக் கட்டையை எப்போது அழுத்தினீர்கள் என்று கணினிக்குப் போகும் குறிப்பு.) பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாப் பக்கம் தேடிப் பாருங்கள். செருகியும் ஒன்றும் வரவில்லையா? 'இன்', 'அவுட்' இரண்டையும் மாற்றிச் செருகுங்கள். கீபோர்டின் தானியங்கித் தாளத்தை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் தாளத்தின் சுரங்களும் வேறு சனல்களில் (மிடிக் குறிப்புகள் போகும் எண்ணிட்ட வழிகள்) வந்து சேரும்.

ரீப்பரின் பிரிஃபரன்ஸஸில் ஒடியோ டிவைஸை, தாமதத்தைக் குறைக்கும் 'ஏசியோ' ஆக்குங்கள். தனி ஒடியோ இன்டர்ஃபேஸ் இல்லாத விண்டோஸ் கணினிக்கு 'ஏசியோ4ஓல்' உதவும். பஃபர் (கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலித் துண்டின் அளவு) 256. 44,100 ஹேர்ட்ஸில் அது ஏறத்தாழ 6 மில்லிசெக்கன் தாமதம், விரலுக்குத் தெரியாது. 1024 வைத்தால் 23 ஆகும். கட்டையை அழுத்திவிட்டு ஒலிக்குக் காத்திருப்பீர்கள். மிடி பகுதியில் உங்கள் கீபோர்டை இயக்கத்துக்குக் கொண்டுவரவும் மறக்கவேண்டாம்.

இனித்தான் முக்கியமான வேலை. ரீப்பரில் ஐந்து ட்ராக் திறவுங்கள். ஐந்தாவதில் மட்டும் கொன்டாக்ட், அதுதான் கொயர் ட்ராக். அதற்குள் சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நாலு வாத்தியத்தை ஏற்றி, மிடி சனலை முறையே 1, 2, 3, 4 ஆக்குங்கள். முதல் நாலு ட்ராக்கும் வெறும் மிடி. ஒவ்வொன்றின் 'ரூட்' பொத்தானையும் இழுத்துக் கொயர் ட்ராக்கில் விட்டால் ஒரு சென்ட் (அங்கே அனுப்பும் பாதை) உருவாகும். அந்தச் சென்டில் ஒடியோவை 'நன்' (ஒன்றும் இல்லை) ஆக்கி, மிடியில் இடப்பக்கம் 'ஓல்' (எல்லாம்), வலப்பக்கம் அந்தக் குரலின் சனல் எண்.

பிழைத்தால் காதே சொல்லும். எந்த ட்ராக்கில் வாசித்தாலும் சொப்ரானோவே பாடுகிறாளா? சென்டில் சனல் எண்ணை மாற்றவில்லை. கீபோர்ட் வழக்கமாக 1ஆம் சனலில்தான் அனுப்பும். ஒரு சுரத்துக்கு நாலு பேரும் சேர்ந்து கத்துகிறார்களா? கொன்டாக்டில் வாத்தியங்கள் 'ஓம்னி'யில், அதாவது எல்லாச் சனலையும் கேட்கும் நிலையில் நிற்கின்றன. மிடி ட்ராக்கின் வொலியூமை இறக்கியும் சத்தம் குறையவில்லையா? அங்கே ஒடியோவே இல்லை. கொன்டாக்டுக்குள் அந்த வாத்தியத்தின் வொலியூமைத் திருகுங்கள்.

நடு 'சி'யின் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. யமஹா அதை சி3 என்னும், ரோலண்ட் சி4 என்னும். பெயரை விடுங்கள், மிடி எண்ணைப் பிடியுங்கள்: அது 60. சொப்ரானோவுக்கு 60 முதல் 81, ஆல்ட்டோவுக்கு 55 முதல் 74, டெனருக்கு 48 முதல் 67, பேஸுக்கு 40 முதல் 60. இதைத் தாண்டினால் கணினி பாடும், எங்கள் அங்கிள்மார் பாடமாட்டார்கள்.

வாசிக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு குரல்தான். லெகாட்டோ ஒலிகள் (சுரங்களை விடாமல் இணைத்துப் பாடுபவை) பெரும்பாலும் ஒரே நேரத்தில் ஒரு சுரம்தான் பாடும். ஒரு சுரத்தின் வால் அடுத்ததின் மேல் சற்று விழுந்தால்தான் வழுக்கிப் போகும். வரி முடிவில் மாத்திரம் வெட்டிவிடுங்கள். மூச்சு எடுக்க இடம் இல்லாத பயிற்சி ஒலிப்பதிவைக் கேட்டுப் பழகியவர்கள் ஆலயத்தில் மூச்சு முட்டி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஏற்ற இறக்கம் பல தொகுப்புகளில் மொடுலேஷன் சக்கரத்தில், அதாவது சிசி 1 என்ற மிடிக் கட்டுப்பாட்டில் இருக்கும். சிலதில் சிசி 11. என் கீபோர்டில் சக்கரம் இல்லை, ஆகவே மிடி எடிட்டரின் அடிப்பகுதியில் மவுஸால் கீறுகிறேன். இதைச் செய்யாவிட்டால் கொயர் இல்லை, ஹார்மோனியம்தான்.

குரல் ஒலிகள் மெதுவாகத் திறப்பதால் தாளத்துக்குப் பிந்திக் கேட்கும். நாலு மிடி ட்ராக்கிலும் உள்ள சுரங்களைக் கொஞ்சம் முன்னுக்கு இழுங்கள். எனக்கு 60 முதல் 100 மில்லிசெக்கன் சரிவரும். நீங்கள் காதால் பாருங்கள்.

பெரும்பாலான ஒலிகள் ஆ, ஊ, ம் என்றுதான் பாடும், தமிழ்ச் சொல் வராது. அதனால் சொப்ரானோ வரியை மட்டும் ஒரு பிள்ளையைக் கொண்டு மைக்கில் பாடவைக்கிறேன். மிடிக்கு ரயில் சத்தம் கேட்காது, மைக்குக்குக் கேட்கும். கரையோர ரயில் போய் முடியும்வரை இருவரும் சிரித்துக்கொண்டு இருப்போம்.

கடைசியில் நாலு எம்பி3. ஒவ்வொன்றிலும் உரியவரின் குரல் மேலே, மற்ற மூன்றும் 8 டெசிபெல் போலக் கீழே. பேஸுக்கு மட்டும் ஒரு சலுகை: மிகத் தாழ்ந்த 'ஈ' 82 ஹேர்ட்ஸ், போன் ஸ்பீக்கரில் அது காணாமல் போகும். ஆகவே அதே மிடியை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி, மெல்லிய பியானோவில் கூடவே ஓடவிடுகிறேன்.