காரணி தேடும்போது எங்கே நிறுத்த வேண்டும்?

ஒரு எண்ணின் காரணிகளை எழுதச் சொன்னால் பலரும் 1-இல் தொடங்கி, ஞாபகம் வந்த எண்களை எல்லாம் எழுதுவார்கள். நடுவில் ஒன்றிரண்டு விட்டுப்போகும். விட்டுப்போனது தெரியவும் தெரியாது. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் மடங்கு

இது நமக்குத் தெரிந்த வாய்பாடுதான். 7, 14, 21, 28 எல்லாம் 7-இன் மடங்குகள். நாம் படித்த வாய்பாடு 16-உடன் நின்றுவிடும், மடங்குகளுக்கு முடிவே கிடையாது. 100-ஐத் தாண்டியதும் வரும் 7-இன் முதல் மடங்கு எது? 100-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 2. ஏழாக நிரம்ப இன்னும் 5 வேண்டும். ஆக, விடை 105.

காரணிகளை ஜோடியாக எழுதுங்கள்

72-ஐ எடுத்துக்கொள்வோம். மீதியில்லாமல் அதை வகுக்கும் எண்கள்தான் அதன் காரணிகள். ஒரு காரணி கிடைத்ததுமே அதன் ஜோடியையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

1 × 72
2 × 36
3 × 24
4 × 18
6 × 12
8 × 9

5-ம் 7-ம் 72-ஐ வகுக்காது, அதனால் அவற்றைத் தாண்டிவிட்டோம். அடுத்து 9. அது ஏற்கெனவே வலப்பக்கம் வந்துவிட்டது. அங்கேயே நிறுத்திவிடலாம். ஏன்? ஜோடியில் இருக்கும் இரண்டு எண்களும் 9 அல்லது அதற்கு மேல் என்றால் பெருக்கினால் 81-க்குக் குறையாது, 72 வராது. அதனால் ஒவ்வொரு ஜோடியிலும் ஓர் எண்ணாவது 9-க்குக் கீழே இருந்தே ஆக வேண்டும். மொத்தம் 12 காரணிகள், ஒன்றும் விட்டுப்போகவில்லை.

36-க்கு 6 × 6 என்று வரும். அந்த 6-ஐ ஒரு தடவைதான் எண்ண வேண்டும். முழு வர்க்க எண்களுக்கு மட்டும் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வருவதற்கு இதுதான் காரணம்.

பகா எண்ணா என்று பார்ப்பது

1-ம் அதே எண்ணும் என்று சரியாக இரண்டே காரணிகள் இருந்தால் அது பகா எண். 1-க்கு ஒரே காரணி என்பதால் அது பகா எண் ஆகாது.

211-ஐச் சோதிப்போம். 14 × 14 = 196, 15 × 15 = 225. ஆக, 14 வரை பார்த்தால் போதும். அதிலும் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும். 6 வகுக்கும் எண்ணை 2-ம் வகுத்துவிடுமே, பிறகு 6-ஐத் தனியாக எதற்குப் பார்க்க வேண்டும்?

- 2: கடைசி இலக்கம் ஒற்றை. வகுக்காது.
- 3: இலக்கங்களைக் கூட்டினால் 4. வகுக்காது.
- 5: கடைசியில் 0-ம் இல்லை, 5-ம் இல்லை.
- 7: 210 போக மீதி 1.
- 11: 209 போக மீதி 2.
- 13: 208 போக மீதி 3.

முடிந்தது. 211 பகா எண்.

சரி, இப்போது 221. இதற்கும் 14 வரைதான். 2, 3, 5, 7, 11 எதுவும் வகுக்காது. இங்கேதான் பலரும் அவசரப்பட்டுப் பகா எண் என்று எழுதிவிடுகிறார்கள். 13-ஐப் பாருங்கள்: 13 × 17 = 221. பகு எண்! எல்லை வரை பொறுமையாகப் போகாவிட்டால் சோதனை செய்ததற்கே அர்த்தமில்லை.

நூறு வரை ஒரே மூச்சில்

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் பெயரால் ஒரு சல்லடை முறை உண்டு. 2 முதல் 100 வரை எழுதுங்கள். 2-ஐ விட்டுவிட்டு அதன் மற்ற மடங்குகளை அடியுங்கள். அப்புறம் 3, 5, 7 ஆகியவற்றுக்கும் அப்படியே. 7-க்கு வரும்போது புதிதாக அடிக்க மூன்றே எண்கள்தான் மிஞ்சியிருக்கும்: 49, 77, 91. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். பார்த்தால் பகா எண் போலவே இருக்கும் 91, 7 × 13 என்று கடைசியில் மாட்டிக்கொள்கிறது. அடிபடாமல் நிற்பவை 25 பகா எண்கள்.

மிகப் பெரிய எண்களுக்கு இந்த வகுத்துப் பார்க்கும் வழி கணினிக்கே தாங்காது. 2002-இல் கான்பூர் ஐஐடியைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் இலக்கங்கள் கூடினாலும் நேரம் கட்டுக்குள் நிற்கும் உறுதியான சோதனை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்.

நீங்கள் 143, 149 இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஒன்றுதான் பகா எண். இரண்டுக்குமே 11 வரை போனால் போதும்.