பின் என்றால் ப்-இ-ன்: இங்கிலாந்தில் பள்ளி சேர்ந்த சின்னப் பிள்ளைக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

பள்ளியில் முதல் வாரம் முடிந்து வெள்ளிக்கிழமை மாலை பிள்ளையின் பையைத் திறப்பீர்கள். உள்ளே எட்டுப் பத்துப் பக்கத்தில் ஒரு மெல்லிய படப் புத்தகமும், 'ரீடிங் ரெக்கார்ட்' என்று எழுதிய ஒரு சின்ன நோட்டும் இருக்கும். அவ்வளவுதான். பாடப் புத்தகம் இல்லை, வீட்டுப்பாட நோட்டு இல்லை. "இங்கே ஒன்றும் சொல்லித் தருவதில்லை போலிருக்கிறதே" என்று பதறி, அன்றிரவே நாலு கோடு நோட்டுப் போட்டு ஏ, பி, சி, டி எழுத வைக்கத் தொடங்கிவிடுவோம். நானும் அதைத்தான் செய்தேன். அப்புறம் அதைச் சரிசெய்ய எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

இது இங்கிலாந்தில் ரிசப்ஷன், இயர் ஒன், இயர் டூ படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காக. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் பாடத்திட்டம் வேறு. 4 வயது முடிந்த பிறகு வரும் செப்டம்பரில் ரிசப்ஷன், அடுத்த செப்டம்பரில் இயர் ஒன். ஆண்டின் நடுவில் வந்தாலும் வயதைப் பார்த்துத்தான் பொதுவாக வகுப்பில் போடுவார்கள். ஊரில் எது முடித்தான் என்பது கணக்கில் வராது. ஆகஸ்டு 31-இல் பிறந்த பிள்ளையும், முந்தைய செப்டம்பர் 1-இல் பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். ஏறக்குறைய ஒரு வயது வித்தியாசம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதற்கு முன் பிறந்த மாதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபோனிக்ஸ்

மகளுக்கு நான் எழுத்துகளின் பெயரைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒரு நாள் அவள் புத்தகத்தில் 'பின்' என்ற சொல் வந்தது. விரல் வைத்து பீ, ஐ, என் என்று சரியாகச் சொன்னாள். "இப்போ சேர்த்துச் சொல்லு" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு "பீயையென்" என்றாள். அவள்மேல் என்ன தப்பு? நான் கொடுத்ததைத்தானே சேர்த்தாள்.

பள்ளியில் முதலில் ஒலி. எழுத்தின் பெயரெல்லாம் பிறகு. ப், இ, ன் மூன்றும் சேர்ந்தால் பின். இப்படி ஒலிகளைச் சேர்த்து வாசிக்கும் முறைதான் ஃபோனிக்ஸ். இதைப் புரிந்துகொள்ள நமக்குப் பயிற்சி வகுப்பு எதுவும் தேவையில்லை. க் + அ = க என்று ஒன்றாம் வகுப்பிலேயே எழுதியவர்கள் நாம். அவர்கள் கேட்பது நம் புள்ளி வைத்த எழுத்தைத்தான். 'ம' இல்லை, 'மு' இல்லை, 'ம்'. உதட்டை மூடிக்கொண்டு ம்ம்ம் என்று இழுக்கலாம். 'ஸ்' பாம்பு சீறுவது போல நீளும். ப், ட், க் மூன்றும் நீளாது. பட்டென்று சொல்லி நிறுத்த வேண்டும்.

நாம் சறுக்குவது கடைசியில் ஒட்டிக்கொள்ளும் உகரத்தில். பஸ்ஸு, புக்கு, பென்னு என்று பேசியே பழகிய வாய் அல்லவா? அதே பழக்கத்தில் 'பு, இ, னு' என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளை 'புயினு' என்றுதான் சேர்க்கும். வகுப்பாசிரியை சொல்லும் ஒலியும் அம்மா சொல்லும் ஒலியும் வேறாக இருந்தால் யார் சொல்வது சரி என்று அதற்கு எப்படித் தெரியும்?

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. பானையில் வரும் 'ப'வையும் கம்பத்தில் வரும் 'ப'வையும் நாம் ஒரே எழுத்தில் எழுதிவிட்டுப் போகிறோம். ஆங்கிலத்தில் அவை இரண்டு எழுத்து, இரண்டு ஒலி. அதனால் ஒலிகளைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டாதீர்கள். காதால் கேட்டுப் பழகுங்கள். பல பள்ளிகள் பெற்றோருக்கென்று ஃபோனிக்ஸ் கூட்டம் வைக்கும், ஒலிகளின் வீடியோவும் அனுப்பும். வேலையில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கியாவது அந்தக் கூட்டத்துக்குப் போய்விடுங்கள். ஒவ்வொரு பள்ளியும் ஏதாவது ஒரு திட்டத்தை, அதன் வரிசையிலேயே பின்பற்றும். வீட்டில் வேறொரு ஆப்பை வைத்து வேறொரு வரிசையில் நடத்தினால் பிள்ளைக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

எழுத்து 26, ஒலியோ ஏறக்குறைய 44. இரண்டு எழுத்து சேர்ந்து ஒரே ஒலி தந்தால் அது டைகிராஃப், மூன்று சேர்ந்தால் ட்ரைகிராஃப். ஐந்து வயதுப் பிள்ளை இந்தச் சொற்களைச் சர்வ சாதாரணமாகச் சொல்லும்போது நாம்தான் விழிப்போம். பின் என்பதன் கடைசியில் ஒரு 'ஈ' சேர்த்தால் பைன் ஆகிவிடும். அந்த ஈ தான் ஒலிக்காமல் முன்னால் இருக்கும் இகரத்தை மாற்றிவிடுகிறது. செட் ('சொன்னாள்' என்ற பொருளில் வருவது), வாஸ், தி போன்றவை இந்தக் கணக்குக்கு முழுதாக அடங்காதவை. அவற்றை அடிக்கடி கண்ணில் படவைத்துப் பழக்குவதுதான் வழி.

இயர் ஒன் ஜூன் மாதத்தில் ஃபோனிக்ஸ் ஸ்க்ரீனிங் செக் என்று ஒன்று நடக்கும். 2012 முதல் இருக்கிறது. ஆசிரியரோடு தனியாக உட்கார்ந்து 40 சொற்களை வாசிக்க வேண்டும். சில நிமிட வேலை. அதில் 20 சொற்களுக்குப் பொருளே கிடையாது. பக்கத்தில் ஒரு விநோத ஜந்துவின் படம் இருக்கும். 'ஏலியன் வேர்ட்ஸ்' என்பார்கள். இதைப் பார்த்து "பள்ளியில் அர்த்தமில்லாததை எல்லாம் படிக்க வைக்கிறார்கள்" என்று கோபப்பட்டவர்களை எனக்குத் தெரியும். பிள்ளை மனப்பாடத்தில் சொல்கிறதா, எழுத்தைப் பார்த்து ஒலி சேர்க்கிறதா என்று அறியத்தான் இந்த ஏற்பாடு. நன்றாக வாசிக்கும் பிள்ளைகள்கூட இங்கே மாட்டிக்கொள்வதுண்டு: 'பிம்' என்று இருப்பதைத் தெரிந்த சொல்லாக்கி 'பின்' என்று சொல்லிவிடுவார்கள். வீட்டில் விளையாட்டாகப் பொருளற்ற சொற்களை எழுதி வாசிக்கச் சொன்னால் போதும். பல ஆண்டுகளாக 32 தான் எல்லை. எட்டவில்லையென்றால் இயர் டூவில் மறுபடி பார்ப்பார்கள். இதனால் வகுப்பில் நிறுத்திவைக்க மாட்டார்கள்.

அந்த மெல்லிய புத்தகம்

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். சோறு அடுப்பில் கொதிக்கும் நேரத்தில் சமையலறை மேசையிலேயே முடிந்துவிடும்.

ஒரே புத்தகத்தை மூன்று நாள் வாசிக்கச் சொல்வார்கள். முதல் நாள் எழுத்துக்கூட்டி, இரண்டாம் நாள் தட்டுத்தடுமாறி, மூன்றாம் நாள் பேச்சு போல. "இதுதான் முடிஞ்சு போச்சே, வேற புத்தகம் குடுங்க" என்று ஆசிரியரிடம் கேட்காதீர்கள். அந்த மூன்றாம் நாள் சரளத்துக்காகத்தான் இத்தனையும். பிள்ளை எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்து ஊகித்தால், படத்தைக் கையால் மூடிவிட்டு ஒலியைச் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு கையை எடுங்கள். தடுமாறும்போது உடனே சொல்லிவிடாமல் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விடக் கடினமாக இருந்தது.

பல பள்ளிகளில் புத்தகங்களுக்கு நிறம் உண்டு: பிங்க், சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஏறும். வாசலில் காத்திருக்கும்போது "உங்கள் பையன் எந்தக் கலர்?" என்ற விசாரணை நடக்கும். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ரீடிங் ரெக்கார்டில் தினமும் 'நன்றாக வாசித்தாள்' என்று எழுதினால் ஆசிரியருக்கு ஒரு பயனும் இல்லை. '5 பக்கம் தானாக வாசித்தாள், செட் என்ற சொல்லில் நின்றாள்' என்று ஒரு வரி போதும். உங்கள் ஆங்கிலத்தில் பிழை இருந்தால் இருக்கட்டும். அந்த நோட்டில் யாரும் நமக்கு மதிப்பெண் போடுவதில்லை.

வீட்டில் தமிழ் பேசலாமா?

பேசலாம், பேச வேண்டும். பள்ளியில் சேர்க்கும் படிவத்தில் பிள்ளையின் முதல் மொழி எது என்று கேட்பார்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளையைக் கீழே இறக்கிவிடுவார்கள் என்று பயந்து ஆங்கிலம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதில் நஷ்டம் பிள்ளைக்குத்தான்: வகுப்பில் அது பேசாமல் இருப்பதற்குக் காரணம் மொழி என்று ஆசிரியருக்குத் தெரியாமல் போய்விடும்.

புது மொழிக்குள் வந்த பிள்ளை சில மாதம் வகுப்பில் வாயே திறக்காமல் இருக்கலாம். கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் வீட்டிலும் நாம் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்துக்கு மாறிவிட்டால், "அது என்ன?", "சாப்பிடு", "சீக்கிரம் வா" அளவுக்குப் பேச்சு சுருங்கிவிடும். தமிழில் அப்படி இல்லை. மழை ஏன் பெய்கிறது, தாத்தாவுக்கு ஏன் கால் வலிக்கிறது என்று பேச்சு எங்கெங்கோ போகும். கதையில் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டுப் பழகிய பிள்ளை பள்ளியில் கதையை வரிசையாகத் திருப்பிச் சொல்லும். பள்ளிப் புத்தகத்தை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு, அதைப் பற்றித் தமிழில் பேசுங்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் தயக்கமென்றால் காலம் பார்த்துக்கொள்ளும். தமிழிலும் சொல் வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் காத்திருக்காமல் ஜிபியிடம் (குடும்ப மருத்துவர்) காதைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், வகுப்பாசிரியரிடமும் சொல்லுங்கள். ஒவ்வொரு பள்ளியிலும் இதற்கென்றே 'சென்கோ' என்ற பொறுப்பில் ஒரு ஆசிரியர் இருப்பார்.

கணக்கு

7-உம் 5-உம் எத்தனை? "மனசுல 7, கையில 5" என்று விரல் மடக்குவது நம் வழி. இங்கே பத்துக் கட்டம் போட்ட ஒரு சட்டத்தை வைப்பார்கள். 7 கட்டம் நிறைந்திருக்கிறது; பத்தாக இன்னும் 3 வேண்டும். 5-ஐ 3 ஆகவும் 2 ஆகவும் பிரித்து, மூன்றை இங்கே போட்டால் 10, மீதி 2, ஆகமொத்தம் 12. "இவ்வளவு சுற்றணுமா?" என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் 47-ஐயும் 5-ஐயும் கூட்டும்போது விரல் மடக்கிய பிள்ளை 48, 49 என்று எண்ணிக்கொண்டிருக்க, பத்தாக்கப் பழகியது 50, 52 என்று போய்விடுகிறது. ஆகவே பத்துக்கான ஜோடிகளை, 6-க்கு 4, 8-க்கு 2 என்று, தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லும் அளவுக்குப் பழக்குங்கள். நாணயம், பட்டன், பயறு எதை வைத்தும் செய்யலாம்.

தமிழில் எண்ணவும் விடுங்கள். லெவன், ட்வெல்வ் என்பதில் பத்து எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது; பதினொன்று, பன்னிரண்டு என்றால் காதிலேயே கேட்கிறது. தர்ட்டீனும் தர்ட்டியும் குழம்பும்போது பதின்மூன்று, முப்பது என்று சொல்லிப் பாருங்கள். தொண்ணூறு மட்டும் நம் காலை வாரிவிடும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வாய்ப்பாட்டுக்கு அவசரமே இல்லை. இயர் டூவில் 2, 5, 10 வாய்ப்பாடுகள். 12 வரை முழுவதும் கேட்டுத் தேர்வு வைப்பது இயர் ஃபோரில்.

எழுதுவதைப் பற்றி ஒரே ஒரு விஷயம்: பெரிய எழுத்தில் (கேப்பிடல்) தொடங்காதீர்கள். சின்ன எழுத்துகளைத்தான் முதலில் பழக்குகிறார்கள். பெயரை முழுவதும் பெரிய எழுத்தில் எழுதப் பழகிவிட்ட பிள்ளையை மாற்றுவது பெரும்பாடு. சில எழுத்துகள் இடம் வலமாகத் திரும்பி வந்தால் ஆறேழு வயது வரை கவலை வேண்டாம்.

ஆசிரியரிடம் என்ன கேட்பது?

பேரன்ட்ஸ் ஈவினிங்கில் பத்து நிமிடம்தான் கிடைக்கும். "வகுப்பில் எத்தனையாவது?" என்ற கேள்விக்கு இங்கே பதில் இல்லை, ரேங்க்கே போடுவதில்லை. "இப்போது எந்த ஒலிகளில் இருக்கிறாள், எதில் தடுமாறுகிறாள், வீட்டில் எதை மட்டும் செய்யட்டும்?" என்று கேளுங்கள். ஆங்கிலம் தடையென்றால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரிக்கலாம்.

ஜூலைக் கடைசியில் ஆறு வார விடுமுறை வரும். வாசிப்பு துருப்பிடிக்கும் காலம் அதுதான். பொது நூலகத்தில் பிள்ளைக்குத் தனி அட்டை இலவசம். கோடையில் நூலகங்கள் நடத்தும் சம்மர் ரீடிங் சேலஞ்சில் பெரும்பாலும் 6 புத்தகம் இலக்கு; முடித்தால் சான்றிதழும் பதக்கமும் உண்டு. அட்டை எடுக்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அட்டையின் பின்னால் கையெழுத்துக்கு இடம் இருந்தால் பெயரை அவளே எழுதட்டும், முதல் எழுத்து மட்டும் பெரியதாக.