பட்ஜி வாங்கப் போகிறீர்களா? நிறத்தை விடுங்கள், மூக்கைப் பாருங்கள்

மஞ்சள் கடிக்கும், நீலம் பேசும், வெள்ளை சாது, பச்சை முரடு. சுங்கை சிப்புட் பக்கம் பட்ஜி என்கிற சின்னக் கூண்டுக் கிளி வளர்க்கிற எந்த வீட்டு வாசலில் போய் நின்றாலும் இதில் ஒன்றையாவது யாராவது சொல்லிவிடுவார்கள், கடைத் தவுக்கேயும் இதே பாட்டைத்தான் பாடுவார், ஏனென்றால் நிறத்துக்குத்தான் விலை. ஆனால் நிறம் குணத்தைத் தீர்மானிப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் வறண்ட வெளிகளில் கூட்டமாகத் திரியும் பட்ஜி பச்சை உடம்பும் மஞ்சள் முகமும் கொண்டது. 1840ல் ஜான் கூல்ட் என்பவர் உயிரோடு சிலவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பிறகு கூண்டில் வளர்த்துப் பெருக்கியவைதான் இன்று கடையில் தொங்கும் இத்தனை நிறங்களும். குணம் வேறு இடத்திலிருந்து வருகிறது: ஆணா பெண்ணா, என்ன வயது, மனிதர் கை பட்டு வளர்ந்ததா, சாதாரண ரகமா கண்காட்சி ரகமா.

அப்படியானால் மஞ்சள் கடிக்கும் என்று இத்தனை பேர் ஏன் சொல்கிறார்கள்? எனக்குத் தோன்றுகிற காரணம் இது. முழு மஞ்சளும் (லூட்டினோ) முழு வெள்ளையும் (அல்பினோ), அந்தச் சிவப்புக் கண் பறவைகள், பாலினத்தோடு சேர்ந்து கடத்தப்படும் மரபணுவால் வருபவை. ஆண் குஞ்சுக்கு அந்த மரபணு தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வர வேண்டும், பெண் குஞ்சுக்குத் தகப்பனிடமிருந்து வந்தாலே போதும். லூட்டினோ ஆணைச் சாதாரணப் பச்சைப் பெண்ணோடு சேர்த்தால் பெண் குஞ்சுகள் எல்லாம் மஞ்சள், ஆண் குஞ்சுகள் எல்லாம் பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆக மஞ்சளில் பெண்கள் அதிகம், பெண் பட்ஜி ஆணைவிட அழுத்திக் கடிக்கும், பழி நிறத்தின் மேல் விழுந்துவிட்டது.

சரி, ஆண் பெண் எப்படிப் பார்ப்பது. அலகுக்கு மேலே மூக்குத் துளைகளைச் சுற்றி ஒரு சதைப் பட்டை இருக்கும். வளர்ந்த ஆணுக்கு அது நல்ல நீலம். வளர்ந்த பெண்ணுக்கு வெளுத்த பழுப்பிலிருந்து அடர்ந்த பழுப்பு வரை, முட்டையிடும் பருவத்தில் சொரசொரவென்று தோல் தடித்துப் போகும். குஞ்சில்தான் குழப்பமே: ஆண் குஞ்சுக்கு அந்தப் பட்டை முழுக்க ஒரே சீரான இளஞ்சிவப்பு அல்லது ஊதாவாக இருக்கும், பெண் குஞ்சுக்கு வெளிர்நீலம், துளையைச் சுற்றி மட்டும் வெள்ளை வளையம். அந்த வெளிர்நீலத்தைப் பார்த்து 'ஆண்' என்று கட்டிக் கொடுப்பார்கள், வாங்கிவிடாதீர்கள். மஞ்சள், வெள்ளைப் பறவைகளில் இன்னொரு சிக்கல், வளர்ந்த ஆணுக்கும் பட்டை நீலமாகாமல் இளஞ்சிவப்பாகவே நின்றுவிடும், கிழட்டு ஆணைக்கூடக் குஞ்சு என்று விற்க வசதி.

பேச வேண்டும், தோளில் உட்கார வேண்டும், காலையில் நீங்கள் கோப்பி கலக்கும்போது கூண்டுக்குள்ளிருந்து கச்சேரி நடக்க வேண்டும் என்றால் ஆண்தான். கலிஃபோர்னியாவில் இருந்த பக் என்ற பட்ஜிக்கு 1,728 சொற்கள் தெரியும் என்று கின்னஸ் பதிவே இருக்கிறது, அதுவும் ஆண். பெண்ணும் சில சொற்கள் பேசலாம், ஆனால் அதை நம்பி வாங்க வேண்டாம். ஆண் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு நாளெல்லாம் கொஞ்சும், கண்ணாடி தொங்கவிட்டால் அதனோடேயே குடித்தனம் நடத்தும், உங்களைத் திரும்பிப் பார்க்காது. பழக்க நினைக்கிறவர்கள் கண்ணாடியை முதலில் கழற்றுங்கள்.

பெண் பட்ஜியைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல ஆள் குறைவு, எனக்கு அவர்களைத்தான் பிடிக்கும். கூண்டில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்வது அவள்தான். பயம் குறைவு, கையில் ஏறப் பழகிவிட்டால் உறுதியாக நிற்பாள். அவளுக்கு வேண்டியது கடித்துக் கிழிக்க ஏதாவது. கொய்யாக் கிளையை நன்றாகக் கழுவிக் காயவைத்து உள்ளே வையுங்கள், பட்டையை உரித்தே பொழுதைக் கழிப்பாள், உங்கள் விரல் தப்பும். ஆனால் செம்பனைத் தோட்ட ஓரத்துச் செடி கொடி எதையும் ஒடித்து வராதீர்கள், களைக்கொல்லி அடித்திருப்பார்கள். அப்புறம், அழகாக இருக்கிறதே என்று கொட்டாங்கச்சியோ மரப்பெட்டியோ கூண்டில் தொங்கவிடாதீர்கள். இருட்டான பொந்து கண்ணில் பட்டாலே அவளுக்கு முட்டை நினைப்பு வந்துவிடும், ஜோடியே இல்லாமல்கூட இடுவாள், முட்டை உள்ளே சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அந்தப் பருவத்தில் கூண்டுக்குள் கைவிட்டால் கடிதான், அதைக் கெட்ட குணம் என்று திட்டுவதில் அர்த்தமில்லை.

வயதைப் பார்க்க நெற்றியைப் பாருங்கள். குஞ்சுக்கு அலகுப் பட்டை வரைக்கும் கறுப்புக் கோடுகள் இறங்கியிருக்கும், மூன்று நான்கு மாதத்தில் முதல் முறை இறகு உதிர்க்கும்போது அது மறைந்து நெற்றி தெளிவாகிவிடும். குஞ்சின் கண் முழுக்க ஒரே கருமை, வளர வளர ஒரு வெள்ளை வளையம் தெரியும். மஞ்சள், வெள்ளைப் பறவையில் கோடே தெரியாது என்பதால் அங்கே கண் வளையத்தை மட்டும் பாருங்கள். ஆறு முதல் எட்டு வாரக் குஞ்சு கிடைத்தால் அதுதான் தங்கம், எந்த நிறமாக இருந்தாலும் சரி. பெரிய கூண்டில் நூறு பறவைகளோடு ஒரு வருடம் இருந்த பட்ஜியையும் பழக்கலாம், மாதக்கணக்கில் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

தலை பருத்து, நெற்றி இறகு கண்ணை மறைத்து, சாதாரணப் பட்ஜியைவிடப் பெரிதாக ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அது கண்காட்சிக்காக இங்கிலாந்தில் வளர்த்தெடுத்த ரகம், இங்கிலீஷ் பட்ஜி என்பார்கள். சாதாரணம் 18 சென்டிமீட்டர், 30 முதல் 40 கிராம். இது 21 சென்டிமீட்டருக்கு மேலேயும் போகும், எடையும் கூடுதல். பொதுவாக நிதானம், படபடவென்று கூண்டில் மோதாது, கையில் சும்மா உட்கார்ந்திருக்கும். சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்குப் பொருத்தம். விலை பல மடங்கு, ஆயுளும் பெரும்பாலும் சாதாரண ரகத்தைவிடக் குறைவு, துறுதுறுப்பு வேண்டும் என்பவர்களுக்குச் சலிக்கும். சாதாரண ரகத்தில் நல்ல குஞ்சு கிடைத்தால் நான் இதற்குக் காசு கொடுக்க மாட்டேன்.

ஒன்று வாங்குவதா இரண்டா? வீட்டில் பகலெல்லாம் ஆள் இருந்தால் ஒன்று போதும். எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடும் வீடு என்றால் இரண்டு வாங்குங்கள், கூட்டத்துப் பறவை தனியாகக் காய்ந்து கிடக்கக் கூடாது. இரண்டு ஆண் சிரமமில்லாமல் ஒத்துப்போகும். ஆணும் பெண்ணும் சரி, பெட்டி வைக்காத வரை. இரண்டு பெண்ணைச் சின்னக் கூண்டில் போடாதீர்கள், ரத்தம் வரும் அளவுக்குச் சண்டை நடக்கும், சில சமயம் ஒன்று செத்தே போகும்.

கடையில் கூண்டருகே பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். 'இது ரொம்ப சாது' என்று எடுத்துக் காட்டும் பறவை இறகைப் பந்து மாதிரி உப்பிக்கொண்டு, மூச்சுக்கு மூச்சு வால் ஆட, பின்பக்கம் அசிங்கமாக இருந்தால் அது சாது இல்லை, நோய். நீங்கள் போய் நின்றதும் முதலில் பறந்து ஒதுங்கி, கொஞ்ச நேரத்தில் தலையைச் சாய்த்து உங்களைப் பார்க்கத் திரும்பி வருகிறதே, அதைக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் சில நாட்கள் கூண்டுக்குள் கையை விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். பிறகு தினைக் கதிரைக் கையில் பிடித்துக் கூண்டுக்குள் அசையாமல் வையுங்கள். ஆண் பெரும்பாலும் சத்தத்துக்கும் விசிலுக்கும் மயங்கும், பெண் தீனிக்கும் கடிக்கக் கிடைக்கும் குச்சிக்கும் வருவாள், இங்கிலீஷ் ரகம் எதற்கும் அவசரப்படாது, நீங்களும் அவசரப்படாதீர்கள். கூண்டைச் சமையலறையில் வைக்காதீர்கள், ஒட்டாத சட்டி அதிகம் காய்ந்தால் வரும் ஆவி பறவையை நிமிடங்களில் கொன்றுவிடும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது வேறு அறைக்கு மாற்றுங்கள். தாமானில் டெங்கிக்குப் புகையடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் கூண்டைத் தூக்கிக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள், வாடை முழுக்கப் போன பிறகு திரும்பி வந்தால் போதும்.