‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது: புதிதாகப் படம் எடுப்பவர்களுக்கு

திருமலை (திருகோணமலை) நகரத்தில் சிறிய ஸ்டூடியோ ஒன்று வைத்திருக்கிறேன். அடையாள அட்டைப் படம், கடவுச்சீட்டுப் படம், பூப்புனித நீராட்டு விழா ஆல்பம் என்று ஓடுகிற கடை. பிரிண்ட் போட வருகிற பிள்ளைகளில் பலர் கைத்தொலைபேசியை என் மேசையில் வைத்து, “மாமா, படம் எப்படி இருக்கிறது?” என்று கேட்பார்கள். “நன்றாக இருக்கிறது, தம்பி” என்பேன். பின்னால் இன்னொருவர் கடவுச்சீட்டுப் படத்துக்குத் தலை சீவிக்கொண்டு நிற்கும்போது வேறு என்ன சொல்வது? கேள்விக்கு ஏற்ற பதில்தான் கிடைக்கும். அந்தக் கேள்விக்கு உலகத்தில் யாரிடம் போனாலும் இதே பதில்தான்.

உருப்படியான அபிப்பிராயம் வேண்டுமென்றால் அதற்குக் கொஞ்சம் ஆயத்தம் வேண்டும். படம் எடுப்பதில் செலவழிக்கிற நேரத்தில் கால்வாசியாவது இதற்கு ஒதுக்குங்கள்.

முதலில் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரு காலைப்பொழுதில் பிரெட்ரிக் கோட்டை வாசலில் தொடங்கி கோணேசர் கோவில்வரை ஏறி இறங்கினால் இருநூறு படம் சேர்ந்துவிடும். அத்தனையையும் ஒருவரிடம் நீட்டினால் அவர் விரலால் தள்ளிக்கொண்டே போவார், மான் வரும் இடத்தில் சிரிப்பார், திருப்பித் தந்துவிடுவார். ஐந்தாறு படம் போதும். அவை ஒரே விடயத்தைப் பற்றியதாக இருக்கட்டும்: கோட்டை மான்கள் என்றால் மான்கள் மட்டும், கரைவலை என்றால் கரைவலை மட்டும். நிலாவெளிச் சூரிய உதயத்தையும் தங்கையின் பிறந்தநாள் கேக்கையும் ஒன்றாகக் காட்டினால், பார்ப்பவர் எதை எதோடு ஒப்பிடுவார்?

இன்னொரு தந்திரமும் உண்டு. உங்களுக்கே பிடிக்காத ஒரு படத்தை நடுவில் செருகி வையுங்கள். அதையும் ஒருவர் “அருமை” என்றால், மற்றவற்றுக்கு அவர் சொன்ன “அருமை”யின் பெறுமதி என்ன என்று தெரிந்துவிடும். கொஞ்சம் கள்ளத்தனம்தான். ஆனால் யாருக்கும் நட்டமில்லை.

அடுத்தது, காகிதத்தில் காட்டுங்கள். என் பிழைப்புக்காகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். எந்தக் கடையில் வேண்டுமானாலும் போடுங்கள். நான்குக்கு ஆறு அங்குலப் பிரிண்ட் போதும். கைத்தொலைபேசித் திரை தானே ஒளிர்வதால் மங்கிய படமும் அதில் மினுங்கும். வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்துப் பார்த்துவிட்டு, பிரிண்டில் இருட்டாக வந்துவிட்டது என்று என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. காகிதத்துக்கு இன்னொரு வசதி, பிரிண்டுகளை மேசையில் பரப்பலாம். ஐந்தையும் ஒரே பார்வையில் பார்க்கும்போதுதான் நான்கு படத்தை நீங்கள் ஒரே உயரத்தில் நின்று எடுத்திருப்பது தெரியவரும். தலைகீழாகத் திருப்பியும் வைக்கலாம். அப்போது கோவில், மான், மாமி என்பதெல்லாம் மறைந்து வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். ஒரு மூலை தேவையில்லாமல் வெள்ளையாக எரிந்துகொண்டிருப்பது அப்போதுதான் கண்ணில் குத்தும்.

தூரத்தில் இருப்பவருக்கு அனுப்புவதென்றால், வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும். எந்த ஷட்டர் வேகத்தில் (ஒளியை உள்ளே விடுகிற நேரம்), எந்த ஐஎஸ்ஓவில் (ஒளிக்கான உணர்திறன்) எடுத்தீர்கள் என்ற விபரத்தையும் அழித்துவிடும். ஆவணம் என்ற வழியில் அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். பார்ப்பவர் தொழில் தெரிந்தவரானால் அந்த விபரம் அவருக்கு மிகவும் வேண்டியது.

இனி, யாரிடம் காட்டுவது? அம்மாவிடம் காட்டலாம், அது பாசக் கணக்கு, தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் கட்டைவிரலை உயர்த்துவார்கள். அதுவும் அந்தக் கணக்கில்தான் சேரும். என் அனுபவத்தில் மிகவும் பிரயோசனமான அபிப்பிராயம், கமராவே பிடித்திராத, ஆனால் படத்தில் இருக்கிற வேலையை நன்றாகத் தெரிந்த ஆளிடமிருந்துதான் வருகிறது.

ஒரு தங்கச்சி சல்லிப் பக்கம் எடுத்த கரைவலைப் படங்களை என்னிடம் பிரிண்ட் போட்டாள். தொழில்நுட்பமாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடிவானம் நேர், வெளிச்சம் சரி, வரிசையாக நின்று கயிறு பிடிக்கும் மனிதர்கள். ஆனால் எனக்கு ஏதோ ஒட்டவில்லை. என்ன என்று சொல்லவும் தெரியவில்லை. “இதை அந்தக் கரையிலேயே ஒரு சம்மாட்டியிடம், வலைச் சொந்தக்காரரிடம், கொண்டுபோய்க் காட்டு” என்றேன். அவர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டாராம்: “இவர்கள் இழுக்கவில்லை பிள்ளை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வலை இன்னும் தூரத்தில் கிடக்கிறது.” கரைவலையில் வள்ளம் வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு வந்தபின் இரண்டு கயிறுகளையும் இரண்டு பக்கத்தாரும் இழுப்பார்கள். மீன் சேர்கிற வலைப்பையான மடி கரையை நெருங்க நெருங்க இரண்டு பக்கத்தாரும் ஒருவரை நோக்கி ஒருவர் நகர்ந்து வருவார்கள். பாரம் ஏறுவது அப்போதுதான். உடம்பு பின்னால் சாய்வதும், குதிகால் மணலில் புதைவதும், வலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டு உரத்து எழுவதும் அந்த நேரத்தில்தான். அவள் படம் எடுத்து முடித்துப் போன பிறகுதான் படம் தொடங்கியிருக்கிறது. இதை எந்தப் புகைப்படப் பாடநூலும் அவளுக்குச் சொல்லியிருக்காது.

ஆகவே கன்னியா வெந்நீரூற்றை எடுத்தால் அங்கே வாளியால் அள்ளிக் குளிக்க வருகிறவரிடம் காட்டுங்கள். மீன் சந்தையை எடுத்தால் மீன் வெட்டுகிறவரிடம் காட்டுங்கள். எங்கள் ஊரில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் இருக்கிறார்கள். சிங்களம் தடுமாறுகிறது என்று தயங்க வேண்டாம். படத்தை நீட்டி, எந்த இடம் சரியில்லை என்று விரலால் காட்டச் சொன்னால் போதும், பாஷை அதிகம் தேவைப்படாது.

இரண்டாவது ஆள், தொழில்நுட்பம் தெரிந்தவர். ஸ்டூடியோக்காரர், கல்யாண வீட்டுப் படப்பிடிப்பாளர், யாராகவும் இருக்கலாம். பின்னேரம் கடை ஆறிக் கிடக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். ஆவணி முகூர்த்த நாட்களில் போய் நிற்காதீர்கள். மூன்றாவது ஆள், திருமலையையே பார்த்திராதவர். நமக்கு, கோணேசர் கோவில் நிற்கிற சுவாமி மலையைக் கண்டவுடன் மனதில் ஆயிரம் ஞாபகம் வரும்; படத்தில் இல்லாததையும் மனம் நிரப்பிவிடும். மட்டக்களப்பிலோ வவுனியாவிலோ இருக்கிற ஒரு உறவினருக்கு அது வெறும் பாறை. அந்தப் பாறையின் உயரம் படத்தில் தெரிகிறதா, கீழே கடல் இருப்பது புரிகிறதா என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

இனிக் கேள்விக்கு வருவோம். படத்தை வைத்துவிட்டு முதலில் வாயை மூடிக்கொண்டு இருங்கள். “இது விடியற்காலை நாலு மணிக்கு எழும்பிப் போய் எடுத்தது” என்று சொல்லிவிட்டீர்களானால் பார்ப்பவர் உங்கள் தூக்கத்துக்கு மரியாதை செய்யத் தொடங்கிவிடுவார். கொஞ்ச நேரம் பார்க்க விடுங்கள். பிறகு கேளுங்கள்: “முதலில் கண் எங்கே போனது?” நீங்கள் காட்ட நினைத்தது கிழவரின் கை, அவர் சொல்வது பின்னால் நிற்கிற சிவப்பு ஓட்டோ என்றால், படத்தின் நோய் தெரிந்துவிட்டது. அதன்பிறகு, “இங்கே என்ன நடக்கிறது?” என்று கேளுங்கள். கடைசியாக நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்கிற கேள்வி: “இந்த ஐந்தில் ஒன்றை எறியத்தான் வேண்டும் என்றால் எதை எறிவீர்கள்?”

இந்தக் கேள்வியில் ஒரு மாயம் இருக்கிறது. நம் ஆட்களுக்கு ஒருவரின் முகத்துக்கு நேரே குறை சொல்வது கூச்சம். குறை சொல்லச் சொன்னால் சொல்ல மாட்டார்கள். தெரிவு செய்யச் சொன்னால் உடனே செய்வார்கள். ஒன்றைத் தூக்கி ஓரமாக வைத்தபின் “ஏன்?” என்று கேட்டால் காரணம் தானாக வரும். வாதாடாதீர்கள். அந்தப் பிரிண்டின் பின்பக்கத்தில் அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.

அவருடைய சொற்களிலேயே என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வலி எங்கே என்று நோயாளி சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். மருந்தையும் அவரே சொன்னால் கவனம் வேண்டும். “இருட்டாக இருக்கிறது, வெளிச்சத்தைக் கூட்டு” என்பார்கள். முதற்பாதியை நம்புங்கள், இரண்டாம் பாதியை நீங்களே யோசியுங்கள். கமராவின் ஒளிமானி எதிரே இருப்பதை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதித்தான் அளக்கிறது. உப்புவெளியில் வெள்ளை மணலும் மினுங்கும் கடலும் முன்னால் இருந்தால், அது வெளிச்சம் அதிகம் என்று முடிவெடுத்துப் படத்தை இருட்டாக்கும். நடுவில் நிற்கிற ஆளின் முகம் கறுத்துவிடும். பிறகு வீட்டில் இருந்து முழுப் படத்தையும் வெளிச்சமாக்கினால் முகம் வரும், ஆனால் இருட்டாக இருந்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். எடுக்கும்போதே கூட்டல் கழித்தல் அடையாளம் உள்ள பொத்தானில் ஒரு படி கூட்டுங்கள். கைத்தொலைபேசியில் முகத்தைத் தொட்டு, தோன்றுகிற சூரியக் குறியை மேலே தள்ளுங்கள். அல்லது நீங்களே சுற்றிப் போய் மறுபக்கம் நில்லுங்கள், செலவே இல்லை.

“தெளிவில்லை” என்பது இன்னொரு பொதுப் புகார். அதற்குள் மூன்று வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை நடுங்கியிருக்கிறது. சுற்றியுள்ளவை கூர்மையாக இருந்து, ஓடுகிற மான் மட்டும் கரைந்திருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. 1/60 வினாடியில் மான் நிற்காது, 1/500 பக்கம் போங்கள். அசையாமல் நிற்கிற மானே மங்கி, அதன் பின்னால் உள்ள வேலி கூர்மையாக இருந்தால் குவியம் (ஃபோகஸ்) தவறிய இடத்தில் விழுந்திருக்கிறது. மூன்றுக்கும் மூன்று மருந்து. பிரிண்டை எடுத்துப்போய் இந்த வேறுபாட்டைக் கண்டறியத்தான் அந்த இரண்டாவது ஆள் தேவைப்படுகிறார்.

“வெளிறிக் கிடக்கிறது” என்றால் கமராவைக் குறை சொல்லுமுன் லென்ஸைப் பாருங்கள். கடற்கரை ஊரில் உப்புப் படலம் அரை மணித்தியாலத்தில் ஏறிவிடும். “கண்ணே தெரியவில்லை, குழியாக இருக்கிறது” என்றால் நண்பகலில் எடுத்திருக்கிறீர்கள். ஏப்ரல் நடுப்பகுதியில் இங்கே நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். புருவத்தின் நிழல் கண்ணை மூடிவிடும். அடிவானம் சாய்ந்தால் யாரும் சொல்லாமலே தெரியும், கடல் காட்டிக்கொடுக்கும்.

அபிப்பிராயங்கள் ஒன்றோடொன்று மோதுவது சகஜம். ஒருவர் வானத்தை வெட்டு என்பார், இன்னொருவர் வானம்தான் அழகு என்பார். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் ஒரே இடத்தில் விரல் வைத்தால் அதை நம்புங்கள். மற்றதெல்லாம் உங்கள் விருப்பம். தீர்ப்புச் சொல்ல ஆள் கிடைக்காத நாட்களில் நல்ல படங்களின் பக்கத்தில் உங்கள் படத்தை வைத்துப் பாருங்கள். நான் பிள்ளைகளுக்கு லயனல் வென்ட்டின் கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடிப் பார்க்கச் சொல்வேன். கொழும்பில் வாழ்ந்து 1944 இல் மறைந்தவர், பியானோக் கலைஞரும்கூட. இந்த நாட்டின் வெயிலில் மனித உடம்பில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று அவர் பார்த்த பார்வையை, நம் கரைவலைப் படத்தோடு ஒப்பிட்டால் நம் படத்தில் என்ன குறைகிறது என்று அதுவே சொல்லும்.

படத்தில் இருப்பவர் “இது வேண்டாம்” என்றால் அதுவும் அபிப்பிராயம்தான், விவாதிக்காமல் அழித்துவிடுங்கள். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, துறைமுகப் பக்கம் கடற்படை இருக்கிறது. தடைப் பலகை உள்ள இடத்தில் எடுத்த படத்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் யாரிடமும் அபிப்பிராயம் கேட்டுக் கொண்டு திரியாதீர்கள்.

கேட்டு முடித்தபின் அதே இடத்துக்குத் திரும்பப் போக வேண்டும். புது இடம் தேடிப் போனால் திருத்தம் பலித்ததா என்று தெரியாது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: இடமா, நேரமா, ஷட்டரா. காலமும் பாருங்கள், மே முதல் செப்டெம்பர் வரை அமைதியாகக் கிடக்கிற கடல், மார்கழி வாடைக்காற்றில் சாம்பலாகக் கொந்தளிக்கும். ஆடியில் எடுத்த படத்துக்குச் சொன்ன குறையை மார்கழியில் திருத்திப் பார்க்க முடியாது. கடலில் சூரியன் மறைவதை எடுக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால் டச்சுக்குடாவில் போய்க் காத்திருக்காதீர்கள், அது உதயத்துக்கான பக்கம். உட்துறைமுக வீதிக்குப் போங்கள், மேற்கே தண்ணீர் அங்கேதான் இருக்கிறது.

புதுப் பிரிண்ட் வந்ததும் பழையதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு முதலில் பார்த்தவரிடமே போங்கள். பிறகு, இரண்டையும் பார்த்திராத இன்னொருவரிடமும் காட்டுங்கள். எது பழையது, எது புதியது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எதை எறிவது என்று கேளுங்கள்.